அம்மாவின் எஸ்ஓஎஸ் பட்டன் ஏன் கூப்பிடவில்லை?

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். 2007இல் ஊரின் பெயர் மாறியது, ஆனால் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அப்பா அம்மா பழைய லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பக்கத்துத் தாமானிலோ (குடியிருப்பு) இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் ஊருக்கு வரும் பிள்ளைகள் என் மேசையில் ஒரு சாமானைக் கொண்டுவந்து வைப்பார்கள்: கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர அழைப்புப் பட்டன். என் அம்மா அதைத் தாயத்து என்பார்.

"அண்ணே, இது கெட்டுப் போச்சு, வேற குடுங்க."

பெரும்பாலும் பட்டன் கெட்டிருக்காது. பட்டன், பேட்டரி, சிம், டவர், பிள்ளையின் போன், அந்தப் போனை எடுக்கும் ஆள், வீட்டுக் கதவு என்று சங்கிலி நீளமானது. எந்தக் கண்ணி அறுந்தாலும் வீட்டில் "பட்டன் வேலை செய்யல" என்றுதான் சொல்வார்கள். அதனால் என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

சோதிக்கும் முன் ஒன்று. பட்டன் அழைக்கும் எண்களின் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் "இப்போது சோதனை செய்யப் போகிறேன்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் அழுத்திப் பார்த்தேன். என் தங்கை ரவாங்கிலிருந்து அழுதுகொண்டே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டியலில் 999 என்ற அவசர உதவி எண் இருந்தால் சோதனைக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் அவர்களையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் அழுத்த வேண்டாம். பெரும்பாலான பட்டன்களை ஏறக்குறைய மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதிர்வு வரும்வரை. தவறுதலாகப் பட்டு அழைப்பு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நம் பெரியவர்கள் வாசல் மணி அடிப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். "ஒன்னு, ரெண்டு, மூனு எண்ணிட்டு விடுங்க" என்று பழக்கினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். முடக்குவாதம் வந்த விரலால் அழுந்தவில்லை என்றால் பெரிய பட்டன் உள்ள வேறு கருவிதான் வழி.

விளக்கு எரிகிறது, அதிர்கிறது, ஆனால் அழைப்பு போகவில்லை என்றால் சிம்மைச் சந்தேகப்படுங்கள். உங்கள் போனிலிருந்து அந்தக் கருவியின் எண்ணுக்கு அழையுங்கள்.

எண் சேவையில் இல்லை என்று குரல் வந்தால் சிம் செத்துவிட்டது. புது சிம் வாங்க வேண்டும். புது எண்ணைக் கருவியின் ஆப்பிலும் உறவினர்கள் போனிலும் மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாய்க் குரல் சொன்னால், கருவி அணைந்திருக்கிறது அல்லது டவர் கிடைக்கவில்லை.

மணி அடிக்கிறது என்றால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிரீபெய்டில் செல்லுபடி நாள் முடிந்ததும் எண் உடனே சாகாது. சிறிது காலம் வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும். இங்கிருந்து வெளியே எதுவும் போகாது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மகன் தினமும் இரவு அம்மாவின் கழுத்துக் கருவிக்கே அழைத்துப் பேசுவார். நன்றாகத்தான் பேசும். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து அழுத்தியபோது அழைப்பு கிளம்பவில்லை, காரணம் நாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிம்மில் இருபத்தாறு வெள்ளி (ரிங்கிட்) அப்படியே கிடந்தது. காசு இருந்தது, நாள் இல்லை.

ஆகவே கருவிக்கு அழைத்துப் பார்ப்பதைச் சோதனை என்று எண்ணாதீர்கள். பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை. சிம்மைக் கழற்றி ஒரு பழைய போனில் போட்டு, மீதியையும் முடியும் தேதியையும் பாருங்கள். டாப் அப் நினைவூட்டலை உங்கள் போனில் வையுங்கள், அம்மாவிடம் விட வேண்டாம். முடிந்தால் உங்கள் போஸ்ட்பெய்ட் கணக்கின் கீழ் துணை எண்ணாகவே எடுத்துக் கொடுங்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் "நாள் முடிஞ்சிருச்சு" என்ற பேச்சே இருக்காது.

சிம் போனில் வேலை செய்கிறது, கருவியில் செய்யவில்லையா? சிம்மில் ரகசிய எண் (பின்) பூட்டு இருக்கிறதா பாருங்கள். போன் கேட்டால் நாம் பின்னை அழுத்துவோம். பட்டனுக்கு அழுத்த விசை ஏது? போனில் வைத்தே பூட்டை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கருவி பழையது என்றால் இன்னொரு காரணம் உண்டு. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அதற்கு முன் வாங்கிய 3ஜி கருவிகள் இப்போது 2ஜியை நம்பித்தான் ஓடுகின்றன. லயத்தில் 2ஜி பலவீனமாக இருந்தால் ஒருநாள் போகும், ஒருநாள் போகாது. புதிய 4ஜி கருவியிலும் ஒரு வில்லங்கம்: இணையத்தில் வாங்கிய சில மாடல்களில் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு, அதாவது வோல்டிஇ, நம் நாட்டு நிறுவனங்களோடு ஒத்துப்போகாது. ஆப்பில் படம் வரும், இருப்பிடம் வரும், செய்தி வரும், அழைப்பு மட்டும் போகாது. இந்த அறிகுறியைப் பார்த்தால் நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கருவியை மாற்றுங்கள். அடுத்த முறை எம்சிஎம்சி (நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம்) சான்று லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த நிறுவனத்து சிம் நல்லது என்று கேட்கிறார்கள். கடையில் நின்று அதைச் சொல்ல முடியாது. துத்தநாகத் தகரக் கூரை அலையைத் தடுக்கும், சுற்றிலும் நிற்கும் செம்பனையும் தன் பங்குக்குக் குறைக்கும். வாசலில் நான்கு கோடு காட்டும் போன் குளியலறையில் ஒரு கோடு காட்டும். வெவ்வேறு நிறுவனத்து சிம் வைத்திருக்கும் இரண்டு மூன்று உறவினர்களைக் கூப்பிட்டு, குளியலறையிலும் அடுப்படியிலும் படுக்கைக்குப் பக்கத்திலும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எது அங்கே நிற்கிறதோ அந்த சிம்.

அழைப்பு போனது, ஆனால் யாரும் வரவில்லை

கருவியின் மேல் பழி விழும், குற்றம் பிள்ளையின் போனில் இருக்கும்.

இந்தக் கருவிகள் முதல் எண்ணுக்கு அழைக்கும். எடுக்காவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. யாராவது எடுத்ததும் நின்றுவிடும். "எடுத்தது யார்" என்பது கருவிக்குத் தெரியாது. முதல் எண்ணில் வாய்ஸ்மெயில், நம் பேச்சில் சொன்னால் பெத்தி சுவாரா, எடுத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்து அதோடு அமைதியாகிவிடும். அம்மா தரையில் கிடந்து வாய்ஸ்மெயிலிடம் பேசிக்கொண்டிருப்பார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் போனில் ##002# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பும் ஏற்பாடு அத்தனையும் ரத்தாகும், வாய்ஸ்மெயிலும் சேர்ந்து போகும். பிறகு ஒருமுறை உண்மையாகவே எடுக்காமல் விட்டுப் பாருங்கள், கருவி இரண்டாவது எண்ணுக்குத் தாவுகிறதா என்று.

அடுத்தது, தெரியாத எண் என்று எடுக்காமல் விடுவது. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து இப்போது யாரும் புது எண்ணை எடுப்பதில்லை. ஐபோனில் தெரியாத எண்களை அமைதியாக்கும் வசதியைப் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. கருவியின் எண்ணைப் பெயரோடு சேமியுங்கள். "அம்மா அவசரம்" என்று சேமித்தால் திரையில் பார்த்ததும் தூக்கம் கலையும். அந்த எண்ணுக்கு மட்டும், தொந்தரவு செய்யாதே நிலையையும் மீறி மணி அடிக்கும்படி வையுங்கள். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் பக்கத்திலேயே அவசர அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் நட்சத்திரம் போட்ட தொடர்புகளுக்கு விலக்குக் கொடுக்கலாம்.

எண்களின் வரிசையைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதல் எண் மூத்த மகனுடையதாக இருக்கும். அவர் ஜோகூரில் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். பாசத்தைப் பார்த்து வரிசை போடாதீர்கள், தூரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் மோட்டாரில் வந்து நிற்கக்கூடியவர் எண்தான் முதலில். பக்கத்து வீட்டு அக்கா, கோயில் பக்கம் இருக்கும் மாமா, யாராக இருந்தாலும் சரி. மகன் மூன்றாவதாக இருந்தால் மரியாதை குறைந்துவிடாது. 999ஐ முதல் எண்ணாக வைப்பதும் எனக்குப் பிடிக்காது. அங்கே எடுப்பவர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல ஆள் வேண்டும். விழுந்த அதிர்ச்சியில் இருக்கும் அம்மாவைவிடப் பக்கத்து வீட்டார் அதை நன்றாகச் சொல்வார்.

பேசுவது கேட்கவில்லை

ஒலிபெருக்கித் துளையைப் பாருங்கள். பவுடரும் விபூதியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருக்கும். காய்ந்த, மிருதுவான பல் துலக்கியால் தேய்த்தால் போதும், ஊசியால் குத்தாதீர்கள். ஒலியளவை ஆப்பில் உச்சத்துக்கு வையுங்கள். கருவி சீன மொழியில் பேசிப் பாட்டியைப் பயமுறுத்தினால், மொழியை மாற்றுங்கள் அல்லது குரல் அறிவிப்பை நிறுத்திவிட்டு அதிர்வை மட்டும் வையுங்கள்.

வரைபடம் அப்பாவை ஈயக் குளத்தில் காட்டுகிறது

இது உண்மையில் நடந்தது. வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஆப் பழைய ஈயச் சுரங்கக் குளத்தின் நடுவில் காட்டியது. மகள் கோலாலம்பூரில் மயங்காத குறை.

ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் கிடைக்காதபோது கருவி, எந்த டவரோடு பேசுகிறதோ அதை வைத்து ஓர் ஊகம் செய்கிறது. நகரத்தில் டவர்கள் நெருக்கம், பிழை குறைவு. தோட்டப் பக்கம் ஒரு டவர் பல கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ளும், பிழையும் அந்த அளவுக்குப் போகும். பல ஆப்களில் புள்ளியைச் சுற்றி வட்டம் வரும் அல்லது எல்பிஎஸ் (டவரை வைத்துக் கணித்த இடம்) என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அது ஊகம். புள்ளியை நம்பி ஓடாமல் முதலில் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வைஃபை வைத்து இடம் காணும் வசதி கருவியில் இருந்தால் அதைப் போடுங்கள், வீட்டுக்குள் அதுதான் கைகொடுக்கும்.

பல நாள் அணைந்து கிடந்த கருவியை முதல்முறை திறந்த வெளியில் கால் மணி நேரம் வையுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானத்திலிருந்து வாங்க மட்டுமே 12.5 நிமிடம் பிடிக்கும். வெளியேயும் இடம் தவறினால்தான் கருவியில் கோளாறு.  

சார்ஜ் நிற்கவில்லை, அல்லது ஏறவே இல்லை

ஏறவில்லை என்றால் பின்பக்கத்துச் செம்புப் புள்ளிகளைப் பாருங்கள். நம் வெயிலுக்கு வியர்வை உப்பு படிந்து பச்சையாக இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் என்றால் கோணலாக ஒட்டியிருந்தாலும் ஏறாது. விளக்கைப் பார்த்துவிட்டு நகருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால், காந்தம் உள்ள கருவி அதற்கு 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். நெஞ்சில் தொங்கவிடாமல் இடுப்பிலோ கையிலோ கட்டும் வகையை வாங்குங்கள்.

மூன்று நாள் நின்ற சார்ஜ் இப்போது ஒரு நாள்தான் நிற்கிறது என்றால் பேட்டரியைத் திட்டும் முன் ஆப்பைத் திறந்து பாருங்கள். யாரோ ஒரு பேரன் இருப்பிடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லி வைத்திருப்பான். வீட்டிலேயே இருப்பவருக்கு அரை மணிக்கு ஒருமுறை போதும். டவர் பலவீனமான வீட்டில் கருவி அலையைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். அதற்கு மருந்து சிம் மாற்றம்தான்.

சார்ஜ் செய்யும் நேரத்தையும் கவனியுங்கள். எல்லோரும் இரவில் போடுகிறார்கள். இருட்டில் சிறுநீர் கழிக்க எழுந்து போகும் நேரத்தில் தாயத்து சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் பசியாறும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது போடுங்கள்.

விழாமலே கத்துகிறது, விழுந்தால் கத்தவில்லை

விழுவதைத் தானே கண்டுபிடிக்கும் கருவிகள் திடீர் வேகம், அடி, அதன்பின் அசைவின்மை ஆகியவற்றைப் பார்க்கின்றன. மேசையில் தொப்பென்று போட்டால் கத்தும். பஜனையில் தாளம் போட்டாலும், தேங்காய் உடைத்தாலும் கையில் கட்டியது கத்தலாம். ஆப்பில் உணர்திறனை ஒரு படி குறையுங்கள். ரொம்பவும் குறைத்தால் உண்மையான விழுதலைத் தவறவிடும்.

விழுந்தும் கத்தவில்லை என்றால் எப்படி விழுந்தார் என்று கேளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தது, கட்டிலிலிருந்து மெதுவாக வழுகியது, இதெல்லாம் கருவிக்கு விழுதலாகத் தெரியாது. இது பழுது இல்லை, அதன் எல்லை. பட்டனையும் அழுத்தப் பழக்கியே ஆக வேண்டும்.

ஆப்பிள் வாட்ச்சில் இந்த வசதி 2018இல் நான்காம் தலைமுறையோடு வந்தது. மகன் தன் பழைய வாட்ச்சை அப்பாவுக்குக் கொடுப்பார், உள்ளே மகனின் பிறந்த தேதியே இருக்கும். 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்று பதிவாகியிருந்தால்தான் அது தானாக இயங்கத் தொடங்கும். பிறந்த தேதியை மாற்றுங்கள், விழுதல் கண்டறிதல் எப்போதும் இயங்கும்படி நீங்களே போட்டுவிடுங்கள். சிம் வசதி இல்லாத வாட்ச் என்றால் ஐபோன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மழை பெய்தால் விளக்கு அணைந்துவிடுகிறது

வீட்டு வைஃபையோடு இணைந்த பெட்டி வகைக்கு வரும் சிக்கல் இது. மதியம் இடி இடித்தால் நம் அம்மாக்கள் டிவி, மோடம் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். அது சரியான பழக்கம்தான், மின்னல் அடித்துக் கருகிய மோடம்களை நானே பார்த்திருக்கிறேன். திரும்ப மாட்டத்தான் மறந்துவிடுகிறார்கள். மின்தடையிலும் இதே கதை. முன்பு செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது, வீடு இருண்டாலும் பேச முடிந்தது. ஃபைபர் மோடம் மின்சாரம் போனால் செத்துவிடும். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். தாமானில் உங்கள் வீடு மட்டும் இருண்டிருந்தால் பிரேக்கரைப் பாருங்கள், தெரு முழுக்க இருட்டென்றால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள்.

கம்பியில்லா மணி பக்கத்து வீட்டில் ஒலிக்கவில்லை

சிம் இல்லாத, மலிவான இந்த மணி எனக்குப் பிடித்த சாதனம். பட்டன் அம்மாவிடம், மணி பக்கத்து வீட்டு அக்காவிடம். ஒலிக்கவில்லை என்றால் பேட்டரி மாற்றுங்கள். சிலவற்றில் 12 வோல்ட் 23ஏ குட்டிப் பேட்டரி, சிலவற்றில் சிஆர் 2032 வட்டப் பேட்டரி. புது வட்டப் பேட்டரி போட்டும் வேலை செய்யாவிட்டால், அது குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூசியதா என்று பாருங்கள். அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். அதற்காகப் பழையதைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். பேரப்பிள்ளை வட்டப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தொண்டை வெந்துவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேட்டரி சரி என்றால் மணியை அம்மா வீட்டுப் பக்கச் சுவருக்கு மாற்றிப் பாருங்கள். நடுவில் தகரச் சுவர் இருந்தால் அலை திணறும். யாரும் அழுத்தாமலே அடிக்கிறது என்றால் அக்கம்பக்கத்தில் அதே வகை மணி வாங்கியிருக்கிறார்கள். இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

கருவி நலம், ஆணியில் தொங்குகிறது

இதற்கு ஸ்குரூடிரைவர் உதவாது. "குளிக்கப் போறப்ப நனைஞ்சிடும்னு கழட்டி வச்சேன்" என்பார்கள். வழுக்கி விழுவதோ குளியலறையில்தான். ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும், மொண்டு ஊற்றும் குளியல் அதை ஒன்றும் செய்யாது. வாளியில் ஊறப்போடாமல் இருந்தால் சரி. அப்படியும் கழற்றுபவர்களுக்கு, குளியலறைச் சுவரில் நீர் புகாத இரண்டாவது பட்டனை ஒட்டுங்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒட்டுங்கள், விழுந்தவர் எழுந்து நிற்க மாட்டார். கழுத்துக் கயிறு இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

வந்தவர் வெளியே நிற்கிறார்

அழுத்தியாயிற்று, அக்கா மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டார். கிரில் உள்ளேயிருந்து பூட்டியிருக்கிறது. மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இன்றைக்கே போகட்டும். வலிக்கிறது என்பவரையோ தலையில் அடிபட்டவரையோ இழுத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம் என்றும் அவருக்குச் சொல்லி வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

999ஐ அழைப்பவர் "கோயிலுக்குப் பின்னாலே மூனாவது லயம்" என்றால் எடுப்பவருக்குப் புரியாது. பகலில் வீட்டு வாசலில் நின்று போன் வரைபடத்தில் வீட்டின் இடத்தைக் காட்டும் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) குறித்து, முகவரி, 45600 என்ற அஞ்சல் குறியீடு, நோய்கள், மருந்துகளோடு ஒரு தாளில் மலாயில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். தோட்டத்துக்கு இரண்டு கேட் இருந்தால் இரவில் எது திறந்திருக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள். ஜாகாவின், அதாவது தோட்டக் காவலாளியின், எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் வரும்போது கேட்டைத் திறக்கப் போவது அவர்தான்.